நான்கு சகோதரர்களும் ஒரு காற்பந்துக் குழுவும்
மாஸ்கோ ஸ்பார்ட்டாக்கின் கதை

1936-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 6-ஆம் நாள். மாஸ்கோ நகரின் செஞ்சதுக்கம். இராணுவ வண்டிகளும் போர்வீரர்களும் அணிவகுத்துச் செல்லும் அந்தக் கல் தளத்தின்மீது அன்று பச்சை வண்ணத்தில் ஒரு மாபெரும் கம்பளம் விரிக்கப்பட்டிருந்தது. விளையாட்டு வீரர்களே இரவு இரவாகக் கண்விழித்துத் துண்டு துண்டாகத் தைத்துச் சேர்த்த கம்பளம் அது. அதன்மேல் ஒரு காற்பந்தாட்டம்!

மேடையில் நின்று பார்த்துக் கொண்டிருந்தவர் யார் தெரியுமா? சோவியத் நாட்டையே நடுங்க வைத்த ஜோசப் ஸ்டாலின். அவருக்குக் காற்பந்தில் அவ்வளவாக நாட்டமில்லை. அதனால் இளைஞர் அமைப்பின் தலைவர் அலெக்சாண்டர் கொசாரெவ் கையில் ஒரு வெள்ளைக் கைக்குட்டையோடு பக்கத்தில் நின்றார். தலைவருக்கு அலுப்புத் தட்டினால் கைக்குட்டை அசையும். அந்தக் கணமே ஆட்டத்தை முடித்துக்கொண்டு எல்லாரும் வெளியேறிவிட வேண்டும். அப்படித்தான் ஏற்பாடு.

ஒதுக்கப்பட்ட நேரம் 30 நிமிடம். ஆட்டமோ 43 நிமிடம் நடந்தது. கைக்குட்டை அசையவே இல்லை.

அன்று இரு பக்கமும் ஆடியவர்கள் ஒரே குழுவைச் சேர்ந்தவர்கள். அந்தக் குழுவின் பெயர் ஸ்பார்ட்டாக். ஆட்டத்தை முன்னின்று நடத்தியவர் நிக்கொலாய் ஸ்டாரோஸ்டின். தலைவருக்கு முன்னால் ஆடிக் காட்டிப் பெயர் வாங்கிய அதே மனிதர், ஆறே ஆண்டுகளில் தம்பிகள் மூவரோடு சிறைக்குப் போனார். அந்தத் தலைவரையே கொல்லத் திட்டமிட்டார்கள் என்றுதான் முதலில் அவர்களை விசாரித்தார்கள்!

ஒரு காற்பந்துக் குழுவை நடத்தியவர்களுக்கு ஏன் இந்தக் கதி? அந்தக் குழுதான் எப்படிப் பிழைத்தது? நூறாண்டைக் கடந்துவிட்ட ஸ்பார்ட்டாக் குழுவின் வரலாற்றைப் புரட்டினால் இதற்கு விடை கிடைக்கும்.

தகப்பனை இழந்த வீடு

மாஸ்கோவின் மேற்குப் பகுதியில் பிரெஸ்னியா என்றொரு வட்டாரம். ஆலைத் தொழிலாளர்கள் நெருங்கி வாழ்ந்த இடம். அங்குதான் ஸ்டாரோஸ்டின் குடும்பம் இருந்தது. தகப்பனார் பணக்காரர்களின் வேட்டைச் சங்கத்தில் வழிகாட்டியாக வேலை பார்த்தவர். நிக்கொலாய் 1902-இல் பிறந்தார். அவருக்குப் பின் அலெக்சாண்டர், ஆந்திரேய், பியோத்தர் என மூன்று தம்பிகள். சகோதரிகள் இருவர்.

புரட்சிக்குப் பிறகு பஞ்சமும் கொள்ளைநோயும் நாட்டை வாட்டிய காலத்தில், 1920-இல், தகப்பனார் டைபஸ் காய்ச்சலில் இறந்து போனார். குடும்பப் பாரம் பதினெட்டு வயது மூத்த மகனின் தலையில் விழுந்தது. நிக்கொலாய் கோடையில் காற்பந்து ஆடினார்; குளிர்காலத்தில் பனித்திடலில் ஹாக்கி ஆடினார். விளையாட்டே வீட்டுக்கு வருமானமும் ஆயிற்று.

1922-ஆம் ஆண்டு அந்த வட்டாரத்து இளைஞர்கள் ஒன்று சேர்ந்து ஒரு விளையாட்டுச் சங்கத்தைத் தொடங்கினார்கள். அதுதான் பின்னாளைய ஸ்பார்ட்டாக்கின் வித்து. ஏப்ரல் மாதம் 18-ஆம் நாள் முதல் ஆட்டம். அந்த நாளையே ஸ்பார்ட்டாக் தன் பிறந்தநாளாகக் கொண்டாடி வருகிறது.

அந்நாளில் ஒரு குழு நிலைத்து நிற்க வேண்டுமானால் அதைத் தாங்கிப் பிடிக்க ஒரு தொழிற்சங்கமோ அரசாங்க இலாகாவோ வேண்டும். பிரெஸ்னியா பையன்களின் குழுவை முதலில் உணவுத் தொழிலாளர் சங்கம் ஆதரித்தது. இதனால்தான் எதிரணி ரசிகர்கள் இவர்களை ‘இறைச்சி’ என்று கேலி செய்தார்கள். இன்றைக்கு ஸ்பார்ட்டாக் ரசிகர்களே அந்தப் பெயரைப் பெருமையாகச் சொல்லிக் கொள்கிறார்கள். வசவு வாழ்த்தாக மாறிய கதை இது!

1935-ஆம் ஆண்டு குழுவுக்குப் புதுப்பெயர் சூட்டப்பட்டது. பண்டைய ரோமாபுரியில் எசமானர்களை எதிர்த்துக் கிளர்ச்சி செய்த அடிமை வீரன் ஸ்பார்ட்டகஸ். அவன் பெயரே குழுவின் பெயராயிற்று. சிவப்புச் சட்டை, மார்பின் குறுக்கே வெள்ளைப் பட்டை. அன்று முதல் அதுவே அடையாளம்.

சீருடை அணியாத குழு

மாஸ்கோவில் அப்போது இருந்த பெரிய குழுக்களைப் பாருங்கள். டைனமோ போலீசுக்கும் உளவுத் துறைக்கும் உரிய குழு. இன்னொன்று இராணுவத்தின் குழு. இன்று சிஎஸ்கேஏ என்று அழைக்கப்படுவது. லொகொமோட்டிவ் இரயில்வேயின் குழு. டோர்பிடோ மோட்டார்க் கார் தொழிற்சாலையின் குழு. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு சீருடை, ஒரு முதலாளி.

ஸ்பார்ட்டாக்குக்குப் பின்னால் இருந்தவை சிறு தொழில் கூட்டுறவுச் சங்கங்கள். தையற்காரர், முடிதிருத்துபவர், சிற்றுண்டிச்சாலைப் பணியாளர், கடை ஊழியர் என்று சாதாரண மக்கள் சேர்ந்த சங்கங்கள் அவை. எந்த அதிகாரியின் சீருடையையும் அணியாத குழு என்பதால் நகரத்து எளிய மக்கள் இதைத் தங்கள் குழுவாக வரித்துக் கொண்டார்கள். ‘மக்கள் குழு’ என்ற பெயர் அப்படி நிலைத்தது. போலீசாரின் டைனமோவை வேறு எந்த வகையிலும் எதிர்க்க முடியாத ஒருவன், ஞாயிற்றுக்கிழமை திடலுக்குப் போய் ஸ்பார்ட்டாக்குக்காகத் தொண்டை வறளக் கத்தலாம் அல்லவா?

ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். ஸ்டாரோஸ்டின் சகோதரர்கள் அரசாங்கத்தை எதிர்த்த போராளிகள் அல்லர். மேலிடத்துச் செல்வாக்கை எப்படிப் பெறுவது என்பதை நன்கு அறிந்தவர்கள். கொசாரெவ் அவர்களுக்குப் பெரிய துணையாக இருந்தார். நல்ல ஆட்டக்காரர்களுக்கு நல்ல சம்பளமும் வாங்கித் தந்தார்கள். ஆனால் அந்தச் செல்வாக்கைக் கொண்டு அவர்கள் கட்டியது நல்ல ஆட்டம் ஆடும் ஒரு குழுவை.

சோவியத் நாட்டின் முதல் லீக் போட்டி 1936-இல் வசந்தம், இலையுதிர் காலம் என்று இரு பருவங்களாக நடந்தது. வசந்தத்தில் டைனமோ வென்றது. இலையுதிர் காலத்தில் ஸ்பார்ட்டாக் வென்றது. தீராத பகை அங்கே தொடங்கியது.

அடுத்த ஆண்டு, ஸ்பெயின் நாட்டின் பாஸ்க் மாநிலக் குழு சோவியத் நாட்டுக்குச் சுற்றுப் பயணம் வந்தது. உள்நாட்டுப் போரால் சொந்த மண்ணை விட்டு வந்த ஆட்டக்காரர்கள்; மிகத் திறமைசாலிகள். பெரும்பாலான ஆட்டங்களில் வென்றார்கள். டைனமோவும் அவர்களிடம் தோற்றது. அவர்களை 6-2 என்ற கோல் கணக்கில் தோற்கடித்த ஒரே சோவியத் குழு ஸ்பார்ட்டாக். நாடெங்கும் ஸ்பார்ட்டாக்கின் பெயர் பரவியது.

முடிந்த பிறகு மீண்டும் நடந்த ஆட்டம்

1938-இல் ஸ்பார்ட்டாக் லீக் விருதையும் சோவியத் கிண்ணத்தையும் ஒருசேர வென்றது. அதே ஆண்டின் இறுதியில் இரண்டு மாற்றங்கள் நேர்ந்தன. ஆதரவாளர் கொசாரெவ் கைது செய்யப்பட்டார். சில மாதங்களில் சுட்டுக் கொல்லப்பட்டார். உளவுத் துறையின் தலைவராக லவ்ரெந்தி பெரியா வந்தமர்ந்தார். பெரியா ஜார்ஜியாவைச் சேர்ந்தவர். இளமையில் காற்பந்து ஆடியவர். டைனமோ சங்கங்கள் யாவும் அவருடைய துறையைச் சார்ந்தவை.

1939 செப்டம்பரில் கிண்ணப் போட்டியின் அரையிறுதி ஆட்டம். ஸ்பார்ட்டாக்கை எதிர்த்தது ஜார்ஜியாவின் டைனமோ திபிலிசி குழு. ஸ்பார்ட்டாக் 1-0 என்று வென்றது. பந்து கோல் கோட்டைத் தாண்டவில்லை என்று திபிலிசி குழு முறையிட்டது, முறையீடு தள்ளுபடியாயிற்று. இறுதியாட்டமும் நடந்து முடிந்தது. லெனின்கிராட் குழு ஒன்றை 3-1 என்று வென்று ஸ்பார்ட்டாக் கிண்ணத்தை வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டது.

அதன் பிறகு மேலிடத்து உத்தரவு வந்தது: அரையிறுதி ஆட்டத்தை மீண்டும் ஆட வேண்டும்!

இறுதியாட்டம் முடிந்த பிறகு அரையிறுதியா? கல்யாணம் முடிந்த பிறகு பெண் பார்க்கப் போவது போல அல்லவா இருக்கிறது! ஆனால் கேள்வி கேட்க யாருக்குத் துணிவு உண்டு? செப்டம்பர் 30-ஆம் நாள் இரு குழுக்களும் மீண்டும் மோதின. ஸ்பார்ட்டாக் 3-2 என்று மறுபடியும் வென்றது. மூன்று கோல்களையும் அடித்தவர் கியோர்கி கிளாஸ்கொவ். கிண்ணம் ஸ்பார்ட்டாக்கிடமே தங்கியது. அந்த ஆண்டு லீக் விருதும் ஸ்பார்ட்டாக்குக்கே.

ஆட்டத்தைப் பார்க்க வந்திருந்த பெரியா கோபத்தோடு எழுந்து போனதாக நிக்கொலாய் தம் நினைவுநூலில் எழுதியிருக்கிறார். விரைவிலேயே அவரைக் கைது செய்ய ஓர் ஆணை தயாரானதாகவும், பிரதமர் மொலோட்டொவ் கையெழுத்திட மறுத்ததால் தாம் அப்போது தப்பியதாகவும் அவர் கூறுகிறார்.

அது தற்காலிகத் தப்பித்தல்தான். 1942 மார்ச் மாதம், போர் உச்சத்தில் இருந்தபோது, ஓர் இரவு நிக்கொலாய் படுக்கையிலிருந்து எழுப்பிக் கொண்டு போகப்பட்டார். அந்த ஆண்டு முடிவதற்குள் நான்கு சகோதரர்களும் சிறையில் இருந்தார்கள். மாஸ்கோவின் லுபியாங்கா சிறையில் மாதக்கணக்கில் விசாரணை. கொலைச் சதிக் குற்றச்சாட்டுக்கு ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை. கடைசியில் சோவியத் ஆட்சிக்கு எதிராகப் பேசினார்கள், முதலாளித்துவ நாட்டு விளையாட்டைப் புகழ்ந்தார்கள், சங்கப் பணத்தைக் கையாடினார்கள் என்றெல்லாம் சொல்லி, 1943-இல் ஆளுக்குப் பத்தாண்டுத் தண்டனை விதித்தார்கள்.

முகாமில் ஒரு பயிற்றுநர்

நால்வரும் நான்கு திசைகளில் சிதறினார்கள். ஆந்திரேய் வட துருவத்தை ஒட்டிய நொரில்ஸ்க் முகாமுக்குப் போனார். நிக்கொலாய் உக்தா முகாமுக்கும் பிறகு தூரக் கிழக்கு மாநிலங்களுக்கும் அனுப்பப்பட்டார். குளிரும் பசியும் நோயும் சேர்ந்து ஆயிரக்கணக்கான கைதிகளைக் கொண்டுபோன முகாம்கள் அவை.

ஸ்டாரோஸ்டின்களைக் காப்பாற்றியது காற்பந்து. முகாம் அதிகாரிகள் ஒவ்வொருவரும் தங்கள் வட்டாரக் குழு வெல்ல வேண்டும் என்று ஆசைப்பட்டார்கள். நாட்டின் தலைசிறந்த காற்பந்து நிபுணர் கைதியாகக் கையில் கிடைத்தால் விடுவார்களா? மரம் வெட்டப் போக வேண்டியவர் குழுவுக்குப் பயிற்சி அளித்தார். எந்த டைனமோவால் அவர் சிறைக்கு வந்தாரோ, அதே டைனமோ பெயர் கொண்ட உள்ளூர்க் குழுக்களுக்கே அவர் பயிற்றுநர் ஆனார் என்பதுதான் விந்தை.

இதைவிட விந்தை 1948-இல் நடந்தது. ஸ்டாலினின் மகன் வசீலி விமானப் படைத் தளபதி. விமானப் படைக்கென்று ஒரு காற்பந்துக் குழுவை வளர்த்து வந்தார். அதற்குப் பயிற்றுநராக நிக்கொலாயை மாஸ்கோவுக்கு வரவழைத்தார். பெரியாவின் ஆட்கள் விடுவார்களா? 24 மணி நேரத்துக்குள் ஊரைவிட்டு வெளியேற வேண்டும் என்று நிக்கொலாயிடம் சொல்லிவிட்டார்கள். வசீலியோ அவரைத் தம் மாளிகையிலேயே தங்க வைத்தார். எங்கே போனாலும் கூடவே அழைத்துப் போனார். இரவில் தலையணைக்கடியில் துப்பாக்கியை வைத்துக் கொண்டு, ஒரே கட்டிலில் பக்கத்தில் படுத்துக் கொண்டாராம்!

பெற்ற பிள்ளைகளையும் மனைவியையும் பார்க்காமல் எத்தனை நாள் அப்படி அடைந்து கிடப்பது? ஒருநாள் நிக்கொலாய் யாருக்கும் தெரியாமல் வீட்டுக்குப் போனார். அங்கேயே பிடிபட்டார். மீண்டும் மாஸ்கோவிலிருந்து வெளியேற்றம். கடைசியில் கஸாக்ஸ்தானின் அல்மா-அட்டா நகரில் போய்ச் சேர்ந்தார். அங்கும் காற்பந்துப் பயிற்சிதான்.

1953 மார்ச்சில் ஸ்டாலின் இறந்தார். அதே ஆண்டு டிசம்பரில் பெரியா சுட்டுக் கொல்லப்பட்டார். அடுத்த ஆண்டு சகோதரர்களுக்கு விடுதலை கிடைத்தது. 1955-இல் தண்டனையே தவறென்று ரத்தாயிற்று. நால்வரும் உயிரோடு திரும்பினார்கள். நிக்கொலாய்க்கு அப்போது வயது 53. அந்த ஆண்டே ஸ்பார்ட்டாக் குழுவின் தலைமைப் பொறுப்பை மீண்டும் ஏற்றார். இடையில் சிறிது காலம் நீங்கலாக, தொண்ணூறு வயது வரை அந்தக் குழுவை அவர் பிரியவில்லை.

ஒப்புக்கொண்ட கேப்டன்

சகோதரர்கள் சிறையில் இருந்த காலத்திலும் குழு அழிந்துவிடவில்லை. 1946, 1947, 1950 ஆகிய ஆண்டுகளில் சோவியத் கிண்ணத்தையும், 1952, 1953 ஆகிய ஆண்டுகளில் லீக் விருதையும் வென்றது. 1949-இல் வந்து சேர்ந்த இரண்டு இளைஞர்கள் அதற்குத் தூண்களாக இருந்தார்கள். ஒருவர் கோல் அடிப்பதில் மன்னர் நிக்கித்தா சிமொன்யான். 1950-ஆம் ஆண்டு லீக் போட்டியில் மட்டும் 34 கோல்கள் அடித்தவர். இன்னொருவர் மத்தியத் திடல் ஆட்டக்காரர் இகோர் நெட்டோ.

1956 மெல்பர்ன் ஒலிம்பிக் போட்டியில் சோவியத் நாடு காற்பந்தில் தங்கம் வென்றது. கேப்டன் நெட்டோ. யூகோஸ்லாவியாவை 1-0 என்று வென்ற அந்த இறுதியாட்டத்தில் ஆடிய பதினொருவரில் எட்டுப் பேர் ஸ்பார்ட்டாக் வீரர்கள். வெற்றி கோலை அடித்த அனத்தோலி இல்யினும் ஸ்பார்ட்டாக்கே. நம் அண்டை நாடான இந்தோனேசியா அந்தப் போட்டியின் காலிறுதியில் இந்தக் குழுவையே கோல் எதுவும் போடவிடாமல் 0-0 என்று தடுத்து நிறுத்தியது. மறு ஆட்டத்தில்தான் 4-0 என்று தோற்றது. அந்த நான்கு கோல்களில் மூன்றை அடித்தவர்கள் ஸ்பார்ட்டாக்கின் சால்னிக்கொவும் நெட்டோவும்.

நெட்டோவைப் பற்றி இன்னொரு நிகழ்ச்சியையும் சொல்லியாக வேண்டும். 1962 உலகக் கிண்ணப் போட்டி, சிலி நாடு. சோவியத் குழுவுக்கும் உருகுவேக்கும் ஆட்டம். ஆளுக்கு ஒரு கோல் என்று சமநிலையில் இருந்தபோது, சோவியத் வீரர் சிஸ்லென்கோ உதைத்த பந்து வலைக்குள் கிடந்தது. நடுவர் கோல் என்று ஊதிவிட்டார். உருகுவே வீரர்கள் பந்து பக்கவாட்டு வலையில் இருந்த ஓட்டை வழியாக உள்ளே போனது என்று கதறினார்கள். நெட்டோ, சிஸ்லென்கோவைக் கூப்பிட்டு உண்மையைக் கேட்டார். பிறகு நேரே நடுவரிடம் போய், “இது கோல் இல்லை” என்று சைகையால் தெரிவித்தார். கோல் ரத்தாயிற்று.

உலகக் கிண்ணத்தில் கையில் விழுந்த கனியை வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்க எத்தனை பேருக்கு மனம் வரும்? அறம் கைவிடவில்லை. கடைசி நிமிடங்களில் இன்னொரு கோல் அடித்து சோவியத் குழு 2-1 என்று வென்றது. 1939-இல் ஒரு கோலுக்காக அதிகாரத்தைக் கொண்டு ஆட்டத்தையே மறுபடி ஆட வைத்தார்கள். 1962-இல் யாரும் கேட்காமலே ஒரு கேப்டன் கோலைத் திருப்பிக் கொடுத்தார். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் நெட்டோவின் உயரம் விளங்கும்.

விழுந்து எழுந்த யானை

1976-ஆம் ஆண்டு ஸ்பார்ட்டாக்குக்கு வந்தது பெரிய அவமானம். முதல்தரப் போட்டியிலிருந்து கீழே இறக்கப்பட்டது. அதற்கு முந்திய ஆண்டுதான் நிக்கொலாய் பொறுப்பிலிருந்து விலக்கப்பட்டிருந்தார். குழு விழுந்ததும் எழுபத்தைந்து வயது மனிதரை மீண்டும் அழைத்து வந்தார்கள்.

புதிய பயிற்றுநராக வந்தவர் கான்ஸ்டன்டின் பெஸ்கொவ். அவர் யார்? பரம எதிரி டைனமோவின் முன்னாள் நட்சத்திர ஆட்டக்காரர்! டைனமோவின் எசமானர்களால் பன்னிரண்டு ஆண்டு வாழ்க்கையை இழந்த ஒரு குடும்பம், டைனமோவில் வளர்ந்தவரிடம் தங்கள் குழுவை ஒப்படைத்தது. ஆட்டம் தெரிந்தவன் எங்கிருந்து வந்தாலும் வரவேற்க வேண்டும் என்பது அவர்கள் எண்ணம்.

யானை படுத்தாலும் குதிரை மட்டம் என்பார்கள். இரண்டாம் தரப் போட்டியிலும் ரசிகர்கள் குழுவைக் கைவிடவில்லை. சிவப்பு வெள்ளைத் துண்டைக் கழுத்தில் சுற்றிய இளைஞர் கூட்டம் திடலை நிரப்பியது. ஒரே ஆண்டில் ஸ்பார்ட்டாக் மேலே வந்தது. 1979-இல் மீண்டும் லீக் விருது! பெஸ்கொவ் வளர்த்த கூட்டத்தில் உலகப் புகழ் பெற்ற கோல்காவலர் ரினாட் தசாயெவ் இருந்தார். மெலிந்த உடலும் கூச்ச சுபாவமும் கொண்ட பியோதர் செரென்கொவும் இருந்தார். ஓங்கி உதைப்பதைவிடப் பந்தைக் கால் மாற்றிக் கால் மாற்றிக் குறுகிய தூரத்தில் கொடுத்து வாங்கி, எதிரியின் கோட்டைக்குள் புகுவதே ஸ்பார்ட்டாக் பாணி. அந்தப் பாணியின் உயிர் செரென்கொவ். 2014-இல் அவர் காலமானபோது எதிரணி ரசிகர்களும் கண்ணீர் விட்டார்கள்.

மறைக்கப்பட்ட 66 உயிர்கள்

இனிச் சொல்லப் போவது நெஞ்சைக் கனக்கச் செய்யும் செய்தி.

1982 அக்டோபர் 20. யூஈஎஃப்ஏ கிண்ணப் போட்டியில் ஸ்பார்ட்டாக்குக்கும் ஹாலந்து நாட்டின் ஹார்லெம் குழுவுக்கும் மாஸ்கோ லுஷ்னிக்கி அரங்கில் ஆட்டம். பனி பெய்து, நீர் உறையும் குளிர். கூட்டம் குறைவென்பதால் சில பகுதிகளை மட்டுமே திறந்து, ரசிகர்களில் பெரும்பாலோரை ஒரே பக்கத்தில் உட்கார வைத்திருந்தார்கள். ஆட்டம் முடியும் தறுவாயில் ரசிகர்கள் ஒரே படிக்கட்டு வழியாக நெருக்கியடித்து இறங்கிக் கொண்டிருந்தார்கள். பனி படிந்து வழுக்கும் படிகள். யாரோ விழ, அவர்மேல் மற்றவர் விழ, பின்னால் வந்த கூட்டம் தெரியாமல் தள்ள, இரும்புக் கம்பித் தடுப்புகளுக்கிடையே மனிதர்கள் நசுங்கினார்கள். 66 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் பதின்ம வயதுப் பிள்ளைகள். ஆட்டம் பார்க்கப் போன பிள்ளை வீடு திரும்பவில்லை.

அதே கடைசி நிமிடத்தில் ஸ்பார்ட்டாக்கின் செர்கேய் ஷ்வெத்சொவ் இரண்டாவது கோலை அடித்திருந்தார். அந்தக் கோலை அடிக்காமலேயே இருந்திருக்கலாம் என்று அவர் பின்னாளில் வருந்தினார்.

மறுநாள் மாஸ்கோ மாலைப் பத்திரிகையில் இரண்டு மூன்று வரிகள் மட்டும் வந்தன: ஆட்டம் முடிந்து வெளியேறும்போது விபத்து நேர்ந்தது, சிலர் பாதிக்கப்பட்டனர் என்று. எத்தனை பேர், ஏன், யார் பொறுப்பு என்பதற்குப் பதில் இல்லை. பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோர் ஊரறிய அழவும் முடியவில்லை. 1989-இல்தான் ஒரு விளையாட்டுப் பத்திரிகை அந்தச் செய்தியை வெளிப்படையாக எழுதியது. அது சொன்ன எண்ணிக்கை மிகையானது. ஆனாலும் ஏழாண்டு மௌனம் உடைந்தது. அதிகார பூர்வமான கணக்கு 66 என்பதும் பொதுமக்களுக்குத் தெரிய வந்தது. பத்தாண்டு கழித்து, 1992-இல், அரங்கின் அருகில் நினைவுச் சின்னம் எழுப்பப்பட்டது. அக்டோபர் 20 வந்தால் ரசிகர்கள் அங்கே பூ வைக்கிறார்கள்.

வெற்றிமேல் வெற்றி

1989-இல் முன்னாள் கேப்டன் ஒலெக் ரொமான்ட்செவ் பயிற்றுநராகப் பொறுப்பேற்றார். அந்த ஆண்டே கடும் எதிரி டைனமோ கீவ் குழுவுக்கு எதிராகக் கடைசி நிமிடத்தில் வலேரி ஷ்மாரொவ் அடித்த ஃப்ரீகிக் லீக் விருதைக் கொண்டு வந்தது. சோவியத் காலத்தில் ஸ்பார்ட்டாக் வென்ற 12-ஆவது லீக் விருது அது. கடைசி விருதும் அதுவே.

1990-91 ஐரோப்பியக் கிண்ணப் போட்டியில் மரடோனாவின் நேப்போலி குழுவைப் பெனால்டியில் வீழ்த்தியது. அடுத்து ரியல் மாட்ரிட். மாஸ்கோவில் 0-0. மாட்ரிட்டில் ஸ்பார்ட்டாக் 3-1 என்று வென்றபோது ஐரோப்பாவே வியந்தது. அரையிறுதியில் பிரான்சின் மார்செய் குழுவிடம் தோற்றது. பின்னர் மற்ற இரண்டு ஐரோப்பியக் கிண்ணப் போட்டிகளிலும் அரையிறுதி வரை போனது. 1995-இல் சாம்பியன்ஸ் லீக் பிரிவு ஆட்டங்கள் ஆறையும் வென்றது.

சோவியத் யூனியன் 1991-இல் கலைந்தது. 1992-இல் தொடங்கிய ரஷ்ய லீக்கில் 2001 வரை நடந்த பத்துப் போட்டிகளில் ஒன்பதில் ஸ்பார்ட்டாக்கே வாகை சூடியது. தவறவிட்டது 1995-ஆம் ஆண்டை மட்டும்.

1996 பிப்ரவரியில் நிக்கொலாய் ஸ்டாரோஸ்டின் காலமானார். வயது 93. அவருடைய தம்பிகள் மூவரும் அவருக்கு முன்பே மறைந்துவிட்டார்கள். அந்த ஆண்டு பெரிய ஆட்டக்காரர்கள் பலர் வெளிநாடு போய்விட்டதால் இளம் பையன்களே குழுவில் மிகுதி. ஆண்டு முடிவில் புள்ளிகள் சமமாகிப் போக, அலானியா குழுவோடு ஒரு தனி ஆட்டம் வைத்தார்கள். 2-1 என்று பையன்கள் வென்றார்கள். கிழவர் இருந்து பார்த்திருந்தால் எவ்வளவு மகிழ்ந்திருப்பார்!

சொந்த வீடு

இத்தனை புகழ் பெற்ற குழுவுக்குத் தொண்ணூறு ஆண்டுக்கு மேலாகச் சொந்த அரங்கு இல்லை என்றால் நம்புவீர்களா? வாடகை வீட்டில் வாழ்ந்த குடும்பம்போல மற்றவர் அரங்குகளில் ஆடி வந்தது. 2014 செப்டம்பரில்தான் மாஸ்கோவின் துஷினோ பகுதியில், பழைய விமானத் திடலில், ஏறத்தாழ 45,000 பேர் அமரும் சொந்த அரங்கு திறக்கப்பட்டது. 2018 உலகக் கிண்ண ஆட்டங்களும் அங்கே நடந்தன.

அரங்குக்கு வெளியே ஸ்பார்ட்டகஸ் வீரனின் பெரிய சிலை நிற்கிறது. உள்ளே, திடலின் ஓரத்தில், இன்னொரு சிலை. சகோதரர்கள் நால்வர், ஆட்டத்தைப் பார்ப்பதுபோல. பெரியா என்ன சட்டம் போட்டும் பிரிக்க முடியாத நால்வர்.

பதினாறு ஆண்டு காத்திருப்புக்குப் பின், 2017-இல், இத்தாலியர் மாசிமோ கரேராவின் பயிற்சியில் ஸ்பார்ட்டாக் மீண்டும் லீக் விருதை வென்றது. சோவியத் காலத்து 12, ரஷ்ய காலத்து 10 என அது 22-ஆவது விருது. 2022-இல் ரஷ்யக் கிண்ணத்தை நான்காம் முறையாக வென்றது. அதே ஆண்டு பிப்ரவரியில் உக்ரேன் மீது ரஷ்யா படையெடுத்ததால், அனைத்துலகக் காற்பந்துச் சம்மேளனமும் ஐரோப்பியச் சம்மேளனமும் ரஷ்யக் குழுக்களுக்குத் தடை விதித்தன. ஐரோப்பிய லீக்கில் அடுத்த சுற்றுக்குத் தகுதி பெற்றிருந்த ஸ்பார்ட்டாக் அப்படியே வெளியேற்றப்பட்டது. ஆள்பவர்களின் செயல் திடலுக்குள்ளும் வந்து நிற்கும் என்பதை அந்தக் குழுவின் வரலாறு மறுபடியும் காட்டியது.

கிண்ணங்களை எண்ணிப் பார்த்தால் ஸ்பார்ட்டாக்கைவிட அதிகம் வென்ற குழுக்கள் உலகில் பல உண்டு. ஆனால் ஒரு குழுவின் செல்வம் கிண்ண அலமாரியில் மட்டுமா இருக்கிறது? தகப்பனில்லாத வீட்டைத் தாங்கிய ஓர் அண்ணன், சிறையிலிருந்து மீண்டு வந்து மறுபடியும் அதே திடலுக்குப் போனான். கிடைத்த கோலை ஒரு கேப்டன் திருப்பிக் கொடுத்தான். மறைக்கப்பட்ட பிள்ளைகளின் பெயரை ரசிகர்கள் மறக்காமல் பூ வைத்து அழைக்கிறார்கள். பெரியாவின் பெயரைச் சொல்லி இன்று மாஸ்கோவில் யாரும் திடலுக்குப் போவதில்லை. ஸ்டாரோஸ்டின்களின் குழுவைப் பார்க்க இன்றும் தகப்பன் பிள்ளையின் கையைப் பிடித்துக் கொண்டு போகிறான். அந்தப் பிள்ளையின் கழுத்தில் சிவப்பு வெள்ளைத் துண்டு.